காவிரிக் கரை நடைக்கு டைல்ஸ் வேண்டாம், கிராவலும் ஒரு பலகையும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் ஆற்றங்கரையில் நடைபாதை போட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் டைல்ஸ், எவர்சில்வர் கைப்பிடி, ஊர்ப் பெயரை விளக்கு எழுத்தில் நிறுத்திய செல்ஃபி மேடை என்று ஒரு பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. திருவையாற்றை ஒட்டிய காவிரிக் கரைக்கு இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. அங்கே நடக்கிற வழி ஏற்கெனவே இருக்கிறது. திருப்பழனத்தில் தொடங்கித் திருவையாறு வழியாகத் தில்லைஸ்தானம் வரை, காவிரியின் வடகரையோடு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். மேடு பள்ளம் கிடையாது. அறுபது வயதைத் தாண்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சிரமமில்லாமல் நடக்கலாம். வழியில் சோழர் காலக் கோயில்கள் மூன்று, மராட்டியர் காலத்துக் கல்யாண மகால், தியாகராஜர் சமாதி எல்லாம் வந்துவிடும். எப்போது போவது, எந்தத் திசையில் நடப்பது, எங்கே கால் வைக்கக் கூடாது என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லிவிட்டு, இந்தக் கரைக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் திசை. பலரும் திருவையாற்றில் இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டு, பிறகு கிழக்கேயோ மேற்கேயோ கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடுகிறார்கள். காலையில் கிழக்கு நோக்கி நடந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், ஆற்று நீரின் பளபளப்பு வேறு கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே கிழக்குக் கோடியான திருப்பழனத்தில் தொடங்கி மேற்கே நடப்பது நல்லது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கோயில்களும் வரிசையாகத் திறந்திருக்கும். காலை ஏழு மணிக்குத் திருப்பழனம், ஒன்பதுக்குள் திருவையாறு, பதினோரு மணிக்குத் தில்லைஸ்தானம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நடை மட்டும் ஒன்றரை மணி நேரம்தான், மீதி நின்று பார்ப்பதற்கு. பன்னிரண்டு மணிக்குள் எல்லாக் கோயிலும் நடை சாத்திவிடும், மறுபடி திறக்க மாலை நான்கு ஆகும். மாலையில் போகிறவர்கள் இதையே திருப்பிப் போட்டு, தில்லைஸ்தானத்தில் தொடங்கிக் கிழக்கே நடக்க வேண்டும். ஆனால் திருப்பழனம் போய்ச் சேரும்போது இருட்டிவிடும், கடைசி ஒரு கிலோமீட்டரில் கரையில் விளக்கு இருக்காது. எங்கள் ஓட்டு காலைக்குத்தான்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பேருந்துக்குக் குறைவில்லை. அந்தச் சாலையே ஒரு காட்சி. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் பாலத்தில் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் எந்த ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, எதில் மணல் தெரிகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். திருவையாற்றில் இறங்கி, கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் போகும் பேருந்தில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திருப்பழனம். கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது.

அடுத்து மாதம். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். காவிரியைப் பார்க்கக் கோடை விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கரைக்குக் கரை மணலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள், அங்கிருந்து கீழே விட்டு இங்கே வர இன்னும் சற்று நேரம். அணையின் இருப்பைப் பொறுத்து இந்தத் தேதியும் மாறும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆகவே பிப்ரவரி முதல் ஜூன் பாதி வரை இங்கே ஆறு இருக்காது, ஆற்றுப் படுகைதான் இருக்கும். ஆடி, ஆவணியில் தண்ணீர் நிறைந்து ஓடும், ஆனால் வெயில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கரை மண் களியும் வண்டலும் கலந்தது என்பதால், ஒரு மழை பெய்தாலே செருப்பின் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். மார்கழி பாதியிலிருந்து தை பாதி வரைதான் உகந்த காலம். ஆற்றில் தண்ணீர் இருக்கும், கரை காய்ந்திருக்கும், காலை பத்து மணி வரை வெயில் உறைக்காது. தியாகராஜர் ஆராதனையும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வருகிறது. அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூட்டமாகப் பாடும்போது சமாதிப் பக்கம் கால் வைக்க இடம் கிடைக்காது. நடப்பதற்காக மட்டும் வருகிறவர்கள் அந்த ஐந்து நாட்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

காவிரி இவ்வளவு சாதுவாக இங்கே ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லணையில் ஆறு பிரியும்போது வெள்ளத்தின் மிகுதியைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் அளந்துதான் விடுகிறார்கள். போதாக்குறைக்குத் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில் குடமுருட்டியும் காவிரியிலிருந்து பிரிந்துவிடுகிறது. அதனால் திருவையாற்றுக்கு வரும் காவிரி பெருவெள்ளம் வந்தாலும் பெரும்பாலும் கரைக்குள் அடங்கித்தான் ஓடும். நீரை ஒட்டிக் கட்டிய படித்துறைகளும் மண்டபங்களும் இத்தனை காலம் நிற்பது அதனால்தான். வடக்கே சில கிலோமீட்டரில் ஓடும் கொள்ளிடக் கரையில் இப்படி ஒரு நடையை யாருக்கும் சொல்ல மாட்டோம்.

இனி வழி. திருப்பழனம் ஆபத்சகாயேசுவரர் கோயில் முற்காலச் சோழர் கல்வெட்டுகள் உள்ள தலம். அப்பர் இந்த ஊர்ப் பதிகத்தில் தம் அடியார் அப்பூதியடிகளைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். அடிகளின் ஊரான திங்களூர் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். திங்களூர் சந்திரனுக்குரிய நவக்கிரகத் தலம் என்பதால் திங்கட்கிழமைகளில் அந்தப் பக்கம் வேன்கள் நெரியும், திருப்பழனத்தில் ஆள் இருக்காது. ஒரே குருக்கள் இரண்டு மூன்று கோயில்களைப் பார்த்துக்கொள்கிற ஊர்களில், நேரப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அவர் சைக்கிள் வந்தால்தான் கதவு திறக்கும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், பெரும்பாலும் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் கரை. கும்பகோணம் சாலை ஆற்றை ஒட்டியே போவதால், சாலையோடு நடந்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். அகலம் குறைந்த சாலை, இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. கரை மேலோ படுகை (கரையை ஒட்டிய தாழ்நிலம்) ஓரத்து ஒற்றையடிப் பாதையிலோதான் நடக்க வேண்டும். படுகை முழுக்க வாழையும் மூங்கிலும், ஊடே வெற்றிலைக் கொடிக்கால். இவை யாரோ ஒருவரின் பயிர், வாழைக்குள் புகுந்து குறுக்கே போகக் கூடாது. மூங்கில் புதரை ஒட்டி நடக்காமல் பாதை நடுவில் நடங்கள். உதிர்ந்த மூங்கில் தோகைக்கு அடியில் விரியன் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும், கனத்த அடியுள்ள ஷூ போட்டால் தப்பலாம். ஊர்களை ஒட்டிய கரையில் விடியற்காலையில் யார் யார் எதற்கு உட்கார்ந்திருப்பார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. ஏழு மணிக்குத் தொடங்குங்கள் என்று மேலே சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இடையிடையே வாய்க்கால் தலைப்புகள் வரும். ஆற்றிலிருந்து பாசன வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் இடம். மேலே திருகுக் கம்பியோடு ஷட்டர் நிற்கும், எங்கள் பக்கத்தில் அதைச் சட்ரஸ் என்போம். உட்கார வாகான திண்டு இருப்பதால் நடந்து களைத்தவர்கள் அதில்தான் உட்காருவார்கள். உட்காரலாம், ஆனால் ஆற்றுப் பக்கம் காலைத் தொங்கப் போட்டு நீரில் அளையக் கூடாது. மேற்பரப்பு அசையாமல் கண்ணாடி போல இருக்கும். ஷட்டரின் அடித் திறப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்வதால் இழுப்பு முழுவதும் கீழே இருக்கும். இலை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மெல்ல மிதந்து மதகுக்கு அருகே வந்ததும் சட்டென்று உள்ளே போய்விடும். பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் போதும், அதட்ட வேண்டியிருக்காது.

திருவையாறு நெருங்க நெருங்க வீடுகளும் மதில்களும் கரையை அடைத்துக்கொள்கின்றன. இங்கே சந்துகளின் வழியே தெருவுக்கு ஏறி, அடுத்த படித்துறையில் மறுபடி இறங்க வேண்டும். புஷ்ய மண்டபப் படித்துறைதான் இவற்றில் பெரியது. ஆடி அமாவாசை, தை அமாவாசைத் தர்ப்பணமும் ஆடிப்பெருக்குக் கூட்டமும் இங்கேதான். அப்பருக்கு இந்த ஊரில் கயிலைக் காட்சி கிடைத்ததை ஆடி அமாவாசையன்று ஐயாறப்பர் கோயிலில் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். தியாகராஜர் 1847 ஜனவரி 6-ல் காலமானார். சமாதி இருந்த இடம் கேட்பாரற்றுக் கிடந்தபோது, பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சேமிப்பைச் செலவழித்துக் கோயில் எழுப்பி 1920-களில் குடமுழுக்குச் செய்தார். 1952-ல் அவர் மறைந்த பிறகு அவருக்கும் அங்கேயே சமாதி அமைத்தார்கள், கைகூப்பியபடி தியாகராஜரைப் பார்த்திருக்கும் சிலையோடு. வருகிறவர்களில் பலர் தியாகராஜரை வணங்கிவிட்டு, அந்த அம்மாளின் சிலையை யார் என்று கேட்காமலே போய்விடுகிறார்கள். ஓர் அறிவிப்புப் பலகை வைப்பதென்றால் முதலில் அங்கே வையுங்கள்.

ஐயாறப்பர் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஐந்து பிராகாரம், அவசரமாகப் பார்க்கிற கோயில் இல்லை. இந்த வளாகத்துக்குள்ளேயே வடகயிலாயம், தென்கயிலாயம் என்று இரண்டு கோயில்கள். வடகயிலாயம் எனப்படும் உலோகமாதேவீச்சரத்தை எழுப்பியவர் முதலாம் ராஜராஜனின் அரசி உலோகமாதேவி. தென்கயிலாயம் ராஜேந்திரனின் அரசி பஞ்சவன்மாதேவியின் திருப்பணி. மாமியார் தலைமுறை ஒன்று, மருமகள் தலைமுறை ஒன்று என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தூண், போதிகை (தூணின் தலைப்பகுதி), கோட்டச் சிற்பம் (சுவர் மாடத்துச் சிற்பம்) ஆகியவற்றில் உள்ள வேறுபாடு எளிதில் பிடிபடும். தட்சிணாமூர்த்தியின் திருவடிக்குக் கீழே ஆமை இருப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும், நின்றபடி கும்பிட்டால் தெரியாது. மூன்றாம் பிராகாரத்துத் தென்மேற்கு மூலையில் நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டால் பல முறை எதிரொலிக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில்தான் நன்றாகக் கேட்கும்.

அங்கிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் தில்லைஸ்தானம். தேவாரத்தில் திருநெய்த்தானம். இந்த நெய்யாடியப்பர் கோயிலுக்கு வருகிறவர்கள் கல்வெட்டைப் பார்க்காமல் போகக் கூடாது. ஆதித்த சோழனும் சேர மன்னன் தாணு ரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்பவருக்குத் தவிசு (இருக்கை), சாமரை, சிவிகை (பல்லக்கு), திமிலை (பறை), கோயில் (அரண்மனை), போனகம் (உணவு), காளம் (ஊதுகொம்பு), களிற்று நிரை (யானைப் படை), ‘செம்பியன் தமிழவேள்’ என்ற பட்டப் பெயர் ஆகியவற்றைக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அவர் மனைவி கடம்பமாதேவி இந்தக் கோயிலுக்கு நந்தா விளக்கு (அணையா விளக்கு) வைத்ததைப் பதிவு செய்யும்போது இவ்வளவும் எழுதப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் சேரரும் சோழரும் எப்படி இருந்தார்கள் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் இந்தச் சில வரிகளைத்தான் கைகாட்டுகிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கக் குறிப்பு வைத்தால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்!

கல்வெட்டை வாசிக்க ஒரு யுக்தி. எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் படிக்க முடியும், உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. சாய்வெயில் இல்லாத சுவரில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேராக அடிக்காதீர்கள். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டி, விபூதி, மாவு பூசுகிறவர்கள் உண்டு. கல்லின் நுண்துளைகளில் அது தங்கி, ஈரத்தோடு சேர்ந்து மேற்பரப்பை உரிக்கும். வெறும் விரலால்கூடத் தேய்க்க வேண்டாம். சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்துப் பல கோயில்களில் எழுத்தை மழுங்கடித்தது போதும்.

இந்த நடை புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. சித்திரையில் நடக்கும் ஏழூர்ப் பல்லக்கு விழாவின் வடகரைப் பகுதிதான் இது. ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும் நந்தியும் அவர் துணைவி சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலுமாகப் புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றித் திருவையாறு திரும்புவார்கள். அப்போது மேட்டூர் மூடியிருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்காது. பல்லக்கைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மணலிலேயே இறங்கி ஏறலாம். ஏழு ஊரையும் நடக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த விழாவோடு சேர்ந்து நடப்பதுதான் வசதி. வழி நெடுக நீர்மோரும் பானகமும் அன்னதானமும் கிடைக்கும், வழி கேட்க வேண்டியதும் இல்லை. மற்ற நாட்களில் தென்கரை ஊர்களுக்குப் பாலத்தைத் தேடிச் சுற்ற வேண்டும். தண்ணீர் முழங்காலளவுதானே என்று ஆற்றில் இறங்கிக் கடக்கவே கூடாது.

ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்துகள் அநேகமாக இப்படித்தான் நடக்கின்றன. மணல் அள்ளிய குழிகள் காய்ந்த ஆற்றில் கண்ணுக்குத் தெரியும். புதுத் தண்ணீர் வந்ததும் முதலில் நிரம்புவது அந்தக் குழிகள்தான், பிறகுதான் தண்ணீர் மேலே பரவி ஓடும். பரவியபின் பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம். பத்தடி தூரம் கணுக்கால் ஆழத்தில் நடந்தவர் பதினோராவது அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். குழியின் விளிம்பு மணலும் காலடியில் சரியும் என்பதால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் பிடிமானம் கிடைக்காது. படித்துறையில் வேறு வகை ஆபத்து. நீருக்கு மேலே தெரியும் படி சொரசொரப்பாக இருக்கும், நீருக்குள் அடுத்த படியிலேயே பாசி வழுக்கும். கடைசிப் படிக்குக் கீழே மண் அரித்துப்போயிருந்தால் படி முடிகிற இடத்தில் திடீரென்று பள்ளம். காலை நனைக்க வேண்டுமானால் உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக இறங்குங்கள், நின்றபடி இறங்காதீர்கள். பாலத் தூண்களைச் சுற்றிய சுழலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உரியவர்களுக்கு எங்கள் வேண்டுகோள். கடிதம் நீள்வது தெரிகிறது. ஆசிரியர் வெட்டுவதானால் மேலே எங்காவது வெட்டிக்கொள்ளலாம், இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கரையின் மேல் காங்கிரீட்டும் டைல்ஸும் போட வேண்டாம். ஆறு நிறைந்து ஓடும்போது கரை மண் நீரைக் குடித்து ஊறிக் கனத்துவிடும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் ஷட்டரை இறக்கியதும் ஆற்று மட்டம் சட்டென்று தாழும். அதுவரை சரிவை எதிரே நின்று தாங்கிய தண்ணீர் போய்விட, ஊறிய மண் தன் எடை தாங்காமல் நழுவும். மண் கரை நழுவினால் அன்றைக்கே கண்ணில் படும், நாலு லோடு மண்ணும் சவுக்குக் கழியும் கொண்டு சரிசெய்துவிடலாம். மேலே பலகையாகக் காங்கிரீட் கிடந்தால் மண் அடியில் இறங்கிப்போய்ப் பலகை மட்டும் அந்தரத்தில் நிற்கும். யாராவது அதன் மேல் நடந்து உடையும்போதுதான் தெரியும். இன்னொன்று, நண்டு வளையும் எலி வளையும். கரை உடைப்பு பல நேரம் ஒரு சிறு வளையில்தான் தொடங்குகிறது. வளை வழியாகக் கசியும் நீர் தெளிவாக வந்தால் கவலையில்லை. கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். லஸ்கர்கள் (கரையைக் கண்காணிக்கும் பாசனப் பணியாளர்கள்) கரை மேல் நடந்து பார்த்துக் கண்டுபிடிப்பது இதைத்தான். டைல்ஸ் போட்ட கரையில் அவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

அதற்குப் பதில் முள்ளை வெட்டி, பள்ளங்களை அதே களிமண்ணால் நிரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்துக்குச் சிவப்புக் கிராவல் பரப்பி உருளை ஓட்டினால் போதும். நடு கொஞ்சம் உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். தட்டையாக விட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் தேங்கி, தாழ்ந்த இடமாகப் பார்த்து வழிந்து, கரையில் வாய்க்கால் வெட்டிவிடும். சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் பயனில்லை. அடுத்த பருவத்தில் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும், வேரோடுதான் எடுக்க வேண்டும். எடுத்த குழியை அப்படியே விடாமல் அடுக்கடுக்காக இடித்து மூட வேண்டும், இல்லையென்றால் கரைக்கு நாமே ஓட்டை போட்டதாகிவிடும். ஆற்றுப் பக்கச் சரிவுக்கு வெட்டிவேர் நடலாம். ஆறு அங்குல இடைவெளியில் வரிசையாக, மழைக்கால ஈரத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழே ஆளுயரத்துக்கு மேல் இறங்கி மண்ணைக் கட்டிப் பிடிக்கும். பல்லக்கு விழாவுக்கும் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்காது.

படித்துறைகள் தனிக் கவனம் கேட்பவை. மேலே கருங்கல், உள்ளே செங்கல்லும் சுண்ணாம்பும். கல் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுதான் முதல் எதிரி. கையால் பிடுங்கினால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே பருத்துக் கல்லைத் தள்ளும். சுண்டு விரல் கனத்தில் இருக்கும்போதே இடுக்கைத் திறந்து வேரை முழுதாக எடுத்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட வேண்டும். நீர்த்துக் குறைந்தது இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த ஆற்று மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு. சிமென்ட் கூடவே கூடாது. பழைய சுண்ணாம்புக் கட்டு ஈரத்தை வாங்கி வெளிவிடும், சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் செங்கல் உப்புப் பூத்துப் பொடியும், சிமென்ட் பட்டை மட்டும் முழுசாக நிற்கும். படித்துறையில் சிமென்ட் பூசி வழுவழுவென்று இழைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. நனைந்த காலுக்கு அதைவிட மோசமான தரை கிடையாது. கொத்திய கருங்கல்லின் சொரசொரப்பு வேண்டுமென்றுதான் அந்தக் காலத்தில் அப்படியே விட்டார்கள்.

பலகைகள் நிறைய வேண்டாம். இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று, திருவையாற்றுப் பேருந்து நிலையத்தில் ஒன்று. அதில் வரைபடம், கோயில்களின் நேரம், கரை அடைபட்டுச் சாலைக்கு ஏற வேண்டிய இடங்கள், மேட்டூர் திறந்த தேதி, கல்லணையிலிருந்து அன்றைக்குக் காவிரியில் விடும் தண்ணீர் எத்தனை கனஅடி என்று எழுதிப் போட ஒரு கரும்பலகைக் கட்டம். அந்த எண் தினமும் அதிகாரிகள் கையில் இருக்கிறது, நாளிதழ்களிலும் வருகிறது, எழுத ஒரு சாக்கட்டிதான் செலவு. பெண்களுக்குத் திருவையாற்றை விட்டால் வழியில் கழிப்பறை கிடையாது. திருப்பழனத்திலும் தில்லைஸ்தானத்திலும் ஒவ்வொன்று கட்டி, கட்டியதோடு விடாமல் தண்ணீருக்கும் கூட்டுகிறவர் சம்பளத்துக்கும் வழி செய்தால், டைல்ஸுக்குப் போகும் பணத்தில் ஒரு மூலைகூட ஆகாது.

நடக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குடை அல்லது தொப்பி, கோயிலுக்குள் போகும்போது செருப்பை வைக்க ஒரு துணிப்பை கொண்டுவந்தால் போதும். தின்பண்டம் சுமக்க வேண்டாம். தில்லைஸ்தானத்தில் முடித்துத் திருவையாற்றுக்குப் பேருந்து ஏறினால் பத்து நிமிடத்தில் கடைத்தெரு. பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா அல்வாவை மந்தார இலையிலோ வாழை இலைத் துண்டிலோ சூடாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆறினால் நெய் உறைந்துவிடும், ஊருக்குப் பொட்டலம் கட்டுவதைவிட அங்கேயே நின்று சாப்பிடுவது மேல்.

இப்படிக்கு,
காவிரிக் கரை நடையர்கள் சிலர்,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.